புல்மேடு தரிசு இல்லீங்க, அங்க அழுகண்ணி பூத்திருக்கு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கமுங்க,

போன வாரம் உங்க பேப்பர்ல மாவட்டச் செய்திப் பக்கத்துல ஒரு போட்டோ வந்துச்சு. பச்சை டீஷர்ட் போட்ட நாப்பது அம்பது பேரு ஆளுக்கொரு மரக்கன்னோட வரிசையா நிக்கறாங்க, பின்னாடி மேடு மேடா புல்லு, மேகம் எறங்கிக் கெடக்கு, மேல தலைப்பு "தரிசாகக் கிடந்த மலைச்சரிவு பசுமையாகிறது"ன்னு. டீயோட பேப்பரை விரிச்சவன் அப்படியே உக்காந்துட்டேன், டீ ஆறிப்போச்சு, வீட்டுக்காரம்மா வந்து என்னங்க மூஞ்சி இப்படி இருக்கு, யாராச்சும் தவறிட்டாங்களான்னு கேட்டாங்க. தவறினது யாருன்னு சொன்னா சிரிப்பீங்க, அதுக்குத்தான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமா வரும், எடம் இல்லேன்னா வெட்டிக்கோங்க, ஆனா அந்த தரிசுங்கற வார்த்தையப் பத்தி எழுதிருக்கற எடத்தை மட்டும் வெட்டாதீங்க.

நான் மின்வாரியத்துல லைன்மேனா இருந்து 2021-ல ரிட்டையர் ஆனவன், சர்வீஸ் பூராவும் நீலகிரியில குந்தா பக்கம்தான். 1950-கள்ல கனடா நாட்டு உதவியோட கட்டுனது குந்தா நீர்மின் திட்டம், அங்க பவர்ஹவுஸ்லேர்ந்து கெளம்பற லைன் சோலையத் தாண்டி, புல்மேட்டைத் தாண்டி, பள்ளம் பள்ளமா எறங்கி கோயமுத்தூர் பக்கம் போகும். அதுல எங்காச்சும் மரம் சாஞ்சிருக்கா, இன்சுலேட்டர் ஒடஞ்சிருக்கான்னு டவர் டவரா நடந்து பாக்கறதுதான் எங்க பொழப்பு. மழைக்காலத்துலதான் பிரேக்டவுன் ஜாஸ்தி வரும்ங்கறதால மத்தவங்க வீட்டுக்குள்ள கம்பளியப் போத்திக்கிட்டு ஒக்காந்திருக்கற ஜூலை ஆகஸ்ட் மாசத்துல நாங்க மலைமேல ஈரத்துல நடந்துக்கிட்டிருப்போம், அதனால சுற்றுலா வர்றவங்க கண்ணுக்கு படாத பலதும் எங்க கண்ணுக்குப் பட்டுச்சு, படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் நடந்து தெரிஞ்சுக்கிட்டது.

1987-னு நெனைக்கறேன், வேலைக்கு சேந்து மூணு வருஷம் இருக்கும். அன்னிக்கு காலையிலேர்ந்து விடாம சாரல், பன்னெண்டு மணிக்கு மேல வானம் தொறந்து சுள்ளுன்னு வெயில் அடிச்சுது. ரெண்டு டவருக்கு நடுவுல எறக்கத்துல கம்பூட் வழுக்கி குப்புற விழுந்தேன், மூஞ்சி நேரா புல்லுல. பின்னாடி வந்த சீனியர் அண்ணன் தூக்கிவிடாம சிரிச்சுக்கிட்டு நிக்கறாரு. சரி நாமளே எந்திரிப்போம்னு தலையத் தூக்கறேன், மூக்குக்கு ஒரு சாண் தள்ளி ஒண்ணு மின்னுது. தீக்குச்சியவிட மெலிசா ஒரு தண்டு, ஒரு சாண் உசரம்கூட இல்ல, அதுல அங்கங்க சின்ன சின்ன எலை. ஒவ்வொரு எலையும் பிறை நெலா மாதிரி, நெலாவோட ரெண்டு கொம்பும் மேல பாத்திருக்கு, காம்பு எலை ஓரத்துல புடிக்காம தாமரை எலைக்கு இருக்கற மாதிரி நடு முதுகுல புடிச்சிருக்கு. எலை பூரா செவப்பு மயிரு, ஒவ்வொரு மயிர் நுனியிலயும் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு சொட்டு.

பனித்துளின்னுதான் மொதல்ல நெனச்சேன். ஆனா சுத்தியிருக்கற புல்லு வெயில்ல காஞ்சிருச்சு, மணி ரெண்டு ஆகப்போகுது, இதுல மட்டும் எப்படி பனி நிக்கும்னு விரல வெச்சுப் பாத்தா நூலா இழுத்துக்கிட்டு வருது, பலாப்பழப் பிசின் மாதிரி. இன்னொரு எலையப் பாத்தா அதுல கொசு மாதிரி ஒரு பூச்சி ஒட்டிக்கிட்டு ஒத்தக்காலை ஆட்டிக்கிட்டிருக்கு, சுத்தி இருக்கற மயிரெல்லாம் அது பக்கமா சாஞ்சு நிக்குது. சாயறது கண்ணுக்குத் தெரியல, ஆனா அண்ணன் பீடி ஒண்ணு பத்தவெச்சு முடிக்கறதுக்குள்ள திரும்பிப் பாத்தேன், முன்னைக்கு இப்ப கூடுதலா சாஞ்சிருந்துச்சு. அண்ணனும் ஒக்காந்து பாத்தாரு, கொஞ்ச நேரம் பேச்சே இல்ல, அப்புறம் "கொசுப்புடிச்சான்டா இது"ன்னாரு. அன்னிலேர்ந்து எங்க கேங்க்ல அதுக்கு கொசுப்புடிச்சான்தான் பேரு, ரிட்டையர் ஆகற வரைக்கும்.

பூவைப் பத்தி சொல்லலியே. தண்டோட உச்சியில, எலையெல்லாம் முடிஞ்சு கொஞ்சம் எடம் விட்டு மேல, வெள்ளையா அஞ்சு இதழோட சட்டைப் பட்டன் அளவுக்கு ஒரு பூ. ஏன் அவ்ளோ தள்ளி மேல வெச்சிருக்குன்னு அப்ப புரியல, பின்னாடி யோசிச்சா நியாயமாத்தான் இருக்கு, எலை பூச்சியக் கொல்லுது, பூவுக்கு பூச்சி வந்துட்டு உசுரோட போகணும், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா பொழப்பு நடக்காது, சமையக்கட்டையும் வரவேற்பறையையும் தனித்தனியா வெச்ச மாதிரி. அந்தப் பூவும் வெயில் இருந்தாத்தான் தெறக்கும், மப்பு போட்டா மூடிக்கும், மழைக்காலத்துல வெயில் எத்தனை மணி நேரம் வரும்னு உங்களுக்கே தெரியும், அதனால அது விரிஞ்சு நிக்கறதப் பாக்கறதே ஒரு கொடுப்பினைதான்.

பேரு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. எங்க லைனுக்கு பக்கத்துல செடி பொறுக்க வந்த ஒரு தாவரவியல் படிக்கற பையன் சொன்னான், இது ட்ரோசீராண்ணே, பெல்டேட்டான்னு சொல்லுவாங்க, சில பேரு நம்ம நாட்டுல இருக்கறத லூனாட்டான்னு தனியா பிரிச்சிருக்காங்க, லூனான்னா நெலான்னு. எங்க மாமனார் சித்த வைத்தியம் கொஞ்சம் தெரிஞ்சவரு, அவர்கிட்ட அடையாளம் சொன்னேன், அட இது அழுகண்ணி ஜாதிடான்னாரு. சமவெளியிலயும் ஈரமான மணல்பாங்கான எடத்துல இதோட சொந்தக்காரங்க ரெண்டு இருக்கு, அதுங்கள அழுகண்ணின்னு சொல்லி மருந்துக்கு எடுக்கறாங்களாம். கண்ணுல தண்ணி நிக்கற மாதிரி எலையில சொட்டு நிக்கறதால அந்தப் பேரு. எங்க கேங்க் வெச்ச பேரவிட பழைய ஆளுங்க வெச்ச பேரு ஒசத்திதான், ஒத்துக்கறேன்.

சரி, ஒரு செடி எதுக்கு பூச்சியத் திங்கணும்? இங்கதான் விஷயமே இருக்கு. எங்க மலையில வருஷா வருஷம் பெய்யற மழை புல்மேட்டு மண்ணுல இருக்கற சத்தையெல்லாம் கழுவிக்கிட்டு போயிடும், மண்ணு புளிப்பு, நைட்ரஜன் கம்மி. கேரட்டு போடறவங்க உரமூட்டை தூக்கிக்கிட்டு ஓடறாங்க, இது தனக்கு வேண்டிய உரத்தை பறந்து வர வெச்சு புடிச்சுக்குது. இந்த மண்ணுல மத்த செடி தழைஞ்சு வளர முடியாதுங்கறதாலதான் இவ்ளோ சின்னது வெயில் பாத்து நிக்க முடியுது. மண்ணு கொழுத்துப்போச்சுன்னா பக்கத்துல இருக்கற புல்லும் களையும் தலைக்கு மேல வளந்து மூடிரும், அழுகண்ணி போச்சு. நெழல் விழுந்தாலும் போச்சு.

இப்ப உங்க போட்டோவுக்கு வர்றேன். அந்தச் சரிவு எனக்கு நல்லாத் தெரியும், எத்தனையோ மழைக்காலம் நடந்த எடம். பேப்பர் பாத்த மறுநாளே பஸ் புடிச்சுப் போய் பாத்தேன். ரெண்டடிக்கு ரெண்டடி குழி, நான் எண்ணின வரைக்கும் நூத்தி பதிமூணு, அதுக்கு மேல முட்டி வலி எடுத்துருச்சு, எண்ணல. குழிக்கு குழி சாணி எருவும் ஏதோ வெள்ளை உரமும் போட்டிருக்காங்க, மரக்கன்னுக்கு நல்லதுன்னு. தோண்டுன மண்ணு பக்கத்துல குமிஞ்சு கெடக்கு, அதைக் கையால கலைச்சுப் பாத்தேன், பட்டாணி அளவுக்கு கெழங்கு ஒண்ணு, அப்புறம் இன்னொண்ணு, ஒரே குமியில ஏழு. அழுகண்ணிக்கு கீழ கெழங்கு உண்டுங்க. டிசம்பர்ல பனி கொட்டும்போது மேல இருக்கற தண்டு எலையெல்லாம் கருகி காணாமப் போயிடும், பிப்ரவரி மார்ச்ல புல்லு காஞ்சு தீப்புடிச்சாலும் ஓடிப்போயிடும், கெழங்கு மட்டும் மண்ணுக்குள்ள படுத்துக்கெடந்து அடுத்த மழைக்கு மறுபடி தளுக்கும். பனிக்கும் தீக்கும் தப்பிச்சு எத்தனையோ காலமா இருந்தது மம்பட்டிக்கு தப்பிக்கல. அந்த ஏழையும் கைக்குட்டையில சுத்தி பக்கத்துலயே குழி இல்லாத எடத்துல விரலால பதிச்சுட்டு வந்தேன், தளுக்குமான்னு அடுத்த மழையிலதான் தெரியும்.

நட்டவங்கள நான் திட்டலைங்க. ஒண்ணு சொல்லிடறேன், அந்த போட்டோவுல ரெண்டாவது வரிசையில இடதுபக்கத்துலேர்ந்து மூணாவதா சிரிச்சுக்கிட்டு நிக்கறது எங்க மருமகதான். ஞாயித்துக்கெழமை காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சு, புள்ளைங்களுக்கு டிபன் கட்டி வெச்சுட்டு, கைக்காசு போட்டு வேன்ல போய் நட்டுட்டு வந்துச்சு. நல்ல மனசோட செஞ்ச வேலை. நான் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டதுல ரெண்டு நாளு வீட்டுல பேச்சுவார்த்தை இல்ல. "நீங்க சொல்றது புரியுது மாமா, ஆனா அதுங்க எல்லாம் நாவல், சோலை மரம், நம்மூரு மரம்தானே"ன்னு கேட்டுச்சு. நல்ல கேள்வி, பலபேரு அப்படித்தான் நெனைக்கறாங்க.

சோலை மரத்துக்கும் எடம் இருக்கு, அது பள்ளம். எங்க மலைய உத்துப் பாத்தா தெரியும், ரெண்டு மேட்டுக்கு நடுவுல மடிப்புல, தண்ணி ஓடற எடத்துல சோலை அடர்த்தியா நிக்கும், அது முடியற எடத்துல கத்தியால வெட்டுன மாதிரி நின்னு புல்லு ஆரம்பிக்கும். யாரும் வெட்டி மொட்டையாக்குனது இல்ல, மனுசன் வர்றதுக்கு முந்தியே அப்படித்தான். டிசம்பர் ஜனவரியில ராத்திரி மேட்டுப் புல்லுல உறைபனி வெள்ளைத்துணி விரிச்ச மாதிரி கெடக்கும், சோலைக்குள்ள அந்தக் குளிரு எறங்காது, அதனால சோலைமரத்துக் கன்னு வெளிய மொளைச்சாலும் ஒரு பனிக்காலம் தாண்டறது கஷ்டம். மேட்டுல தனியா நின்னு தாக்குப் புடிக்கற மரம்னா காட்டுப்பூவரசுதான், செவப்பா பூக்குமே, அதுவும் குட்டை குட்டையா முதுகு வளைஞ்சு நிக்கும். நட்ட நூத்திச் சொச்சம் கன்னுல பொங்கலுக்கு எத்தனை இருக்கும்னு மருமககிட்ட பந்தயம் கட்டியிருக்கேன். கன்னு செத்துப்போகும், ஆனா குழி தோண்டி எரு போட்டது போட்டதுதான், அந்த எருவுல எங்கிருந்தோ வந்த களை வளரும், புல்லு திரும்பி வர பல வருஷம் ஆகும்.

பனிக்கு பயப்படாத மரமும் இருக்கு, அதுதான் எங்க மலையக் கெடுத்துச்சு. சீகை மரமும் (சீகைக்காய் இல்லீங்க, வாட்டில்னு சொல்ற மரம்) கற்பூர மரமும் (அதான் யூகலிப்டஸ்). 1819-ல கோயமுத்தூர் கலெக்டர் சல்லிவன் மலை ஏறி வந்தாரு, பின்னாடியே வெள்ளைக்காரங்க குடியேறினாங்க, குளிருக்கு வெறகு பத்தலைன்னு 1840-கள்ல ஆஸ்திரேலியாவுலேர்ந்து கற்பூர மரம் கொண்டாந்தாங்க, சீகையும் அதே நாட்டுலேர்ந்து அந்தக் காலகட்டத்துலயே வந்ததுதான். சுதந்திரத்துக்கு அப்புறம் நாம இன்னும் வேகமா நட்டோம், சீகைப்பட்டை தோல் பதனிட, கற்பூர மரம் சிறுமுகை ஆலையில ரேயான் பண்ண. இதை எழுதும்போது கை கூசுது, ஏன்னா நானும் நட்டவன்தான். 1973 வாக்குல எனக்கு பன்னெண்டு வயசு, அப்பா நாத்துப் பண்ணையில தினக்கூலி, லீவுல நானும் கூடப் போவேன். ஒரு கூடையில சீகை நாத்து தூக்கிக்கிட்டு புல்மேட்டுல ஏறுவோம், அப்பா கம்பியால குத்துவாரு, நான் நாத்த வெச்சு குதிகாலால மிதிப்பேன், ஒரு நாளைக்கு எத்தனைன்னு கணக்கு, கணக்குக்குத்தான் கூலி. அப்ப அந்தக் குதிகாலுக்கு அடியில எத்தனை கொசுப்புடிச்சான் போச்சோ தெரியாது. சாயந்திரம் அந்தக் காசுல அப்பா வர்க்கி வாங்கித் தருவாரு, அதோட ருசி இன்னும் நாக்குல இருக்கு, அதையும் மறைக்க மாட்டேன்.

அந்த மேடு இன்னிக்கு பூராவும் சீகைக்காடு. உள்ள போனா இருட்டு, கீழ செத்தை தவிர ஒண்ணும் இல்ல, புல்லு ஒரு கத்தை கெடையாது. வெட்டுனாலும் தீராது, வெத மண்ணுக்குள்ள பத்து இருபது வருஷத்துக்கு மேலயும் தூங்கும், வெட்டி வெயில் பட்டாலோ தீ பட்டாலோ கடுகு தெளிச்ச மாதிரி மொளைச்சு வரும். இதுல ஒரு வேடிக்கை பாருங்க, நம்ம அழுகண்ணியோட ஒடம்பொறந்தது ஆஸ்திரேலியாவுலயும் இருக்குதாம், அந்தப் பையன்தான் சொன்னான். அங்க கற்பூர மரம் இருக்கற காட்டோட அது ஒத்துப்போய் வாழுது, இங்க அதே மரத்தை நாம கப்பல்ல கொண்டாந்து இது தலையில நட்டோம்.

பழனி மலைக் கதை இன்னும் மோசம். கொடைக்கானல் இருக்கற அந்த மலையில 1973-லேர்ந்து 2014 வரைக்கும் சேட்டிலைட் படத்தை வெச்சு ஆராய்ச்சிக்காரங்க கணக்குப் பாத்து 2018-ல வெளியிட்டாங்க, மூணுல ரெண்டு பங்கு புல்வெளி காணோம்னு. காணாமப் போனது எங்க போச்சுன்னா பெரும்பாலும் மரத்தோட்டமும் வெவசாயமும்தான். நாப்பது வருஷம், ஒரு லைன்மேன் சர்வீஸ் அளவு காலம், அவ்வளவுதான்.

தண்ணியப் பத்தியும் ஒரு வார்த்தை, ஏன்னா பூவுக்காக யாரும் எரங்க மாட்டாங்க, தண்ணின்னா காது கொடுப்பாங்க. ஊட்டியில இருக்கற மண், நீர் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் கிளன்மார்கன் பக்கத்துல ரெண்டு நீர்ப்பிடிப்பு எடுத்துக்கிட்டு, ஒண்ணை அப்படியே விட்டுட்டு இன்னொண்ணுல கற்பூர மரம் நட்டு வருஷக்கணக்கா அளந்து பாத்தாங்க. மரம் நட்டதுல மொத பத்து வருஷச் சுத்துலயே வர்ற தண்ணி 16 சதவீதம் கொறஞ்சுது, வெட்டி மறுபடி தளுத்த ரெண்டாஞ் சுத்துல 25 சதவீதம்கிட்ட. பவர்ஹவுஸ்ல வேலை பாத்தவங்களுக்கு அது என்ன நஷ்டம்னு சொல்லித் தெரிய வேண்டியதில்ல. புல்லு வேர் கட்டிப்புடிச்சிருக்கற மண்ணு மழையில ஊறி, மழை நின்ன பின்னாடியும் கொஞ்சம் கொஞ்சமா விடும், அதுதான் ஓடையாகி, பவானியாகி, கீழ இருக்கறவங்க கொழாயில வருது. நம்ம மாநில விலங்கு வரையாடு மேயறதும் இந்தப் புல்லுதான், 2022-ல அதுக்குன்னு தனித்திட்டமே அறிவிச்சாங்க, அந்நியச் செடிகொடிய எடுக்க அதே வருஷம் கொள்கையும் போட்டாங்க. அதாவது ஒரு பக்கம் சீகைய எடுத்துட்டு புல்லு நாத்து நடறாங்க, இன்னொரு பக்கம் நல்ல புல்லுல குழி தோண்டறாங்க, ரெண்டும் ஒரே பேப்பர்ல ஒரே வாரத்துல நல்ல செய்தியா வருது.

இப்ப அந்த வார்த்தைக்கு வர்றேன். தரிசுங்கறது வரி போடறவன் வார்த்தை. ஏர் ஓட்டல, வெளைச்சல் இல்ல, வரி வராது, அதனால தரிசு. வெள்ளைக்காரன் கணக்குப் புஸ்தகத்துல எழுதி வெச்சுட்டுப் போனதை நாம இன்னும் தலைப்பு போட்டுக்கிட்டிருக்கோம். தோடர் மக்கள் மந்துல, அதாவது அவங்க ஊருல, போய் இதைத் தரிசுன்னு சொல்லிப் பாருங்க, எருமை மேயறதும் அதுலதான், கோயிலுக்கு கூரை வேயற புல்லும் அங்கேர்ந்துதான். மரம் இருந்தாத்தான் பசுமைன்னா மழைக்காலத்துல அந்த மேடு என்ன கலருன்னு உங்க நிருபர் ஒரு தடவை பாத்துட்டு எழுதலாம்.

குறிஞ்சி பூத்தா மட்டும் எல்லாருக்கும் புல்மேடு ஞாபகம் வருது. 2006-ல வந்தாங்க, 2018-ல வந்தாங்க, இனி 2030-ல வருவாங்க, ரோட்டோரம் பூரா கார், செல்ஃபி, புடுங்கி தலையில வெச்சுக்கறது, அப்புறம் அடுத்த பன்னெண்டு வருஷம் அந்த மேட்டுல ஜீப்பு ஓட்டறது. குறிஞ்சிய நான் கொறை சொல்லல, மலையே நீலமா மாறினா யாரும் பாக்கத்தான் செய்வாங்க. ஆனா அதே மேட்டுல வருஷா வருஷம் தவறாம ஆகஸ்ட்ல வர்ற அழுகண்ணி, தரையோட தரையா நீலமா கண்ணைச் சிமிட்டற ஜென்ஷியன், புல்லுக்குள்ள நிக்கற தரை ஆர்க்கிட் இதுக்கெல்லாம் தலைப்பு வராது, ஊட்டி-கூடலூர் ரோட்டுல ஒம்பதாவது மைல்ல குதிரை சவாரிக்கு வர்றவங்க அதுமேலயே நின்னு மக்காச்சோளம் திம்பாங்க.

அழுகண்ணிய தேடறவங்களும் இருக்காங்க, அது வேற தலைவலி. வசியத்துக்கு ஆகும், தங்க பஸ்பத்துக்கு ஆகும்னு யூடியூப்ல எவனோ பேசிட்டான், போன வருஷம் கீழ்நாட்டுலேர்ந்து ரெண்டு பேரு கார்ல வந்து, லைன்மேனுக்கு எடம் தெரியும்னு டீக்கடையில சொன்னாங்கன்னு என் வீட்டு வாசல்ல நின்னாங்க, கிலோவுக்கு இவ்ளோன்னு வெலை பேசறாங்க. கிலோவாம்! ஒரு செடி காஞ்சா ஒரு பூனைமயிர் கனம் இருக்காது, ஒரு கிலோவுக்கு ஒரு மலைய வழிக்கணும். எனக்குத் தெரிஞ்சது டவர் நம்பர் மட்டும்தான்னு சொல்லி அனுப்பிட்டேன். அதனாலதான் இந்த லெட்டர்லயும் எந்த மேடு, எந்த டவர்னு எழுதல, நீங்களும் கேட்டு வாங்கி போட்டுடாதீங்க.

நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்லீங்க. அடுத்த தடவை மரம் நடற செய்தி வந்தா எங்க நட்டாங்கன்னு நிருபரை ஒரு வார்த்தை கேக்கச் சொல்லுங்க, புல்மேடா இல்ல ஏற்கனவே கெட்டுப்போன எடமான்னு. நடறதுக்கு எடத்துக்கா பஞ்சம், ரோட்டோரம் இருக்கு, டீத்தோட்டத்து ஓடைக்கரை இருக்கு, பள்ளிக்கூடத்து காம்பவுண்டு இருக்கு, ஓரம் தேஞ்சுபோன சோலை எத்தனையோ இருக்கு, அங்க நடட்டும், நானே மம்பட்டியோட வர்றேன். மருமகளும் இப்ப சமாதானம், அவங்க வாட்ஸ்அப் குரூப்புல இதைப் போட்டிருக்கு, நாலு பேரு திட்டியிருக்காங்க, மூணு பேரு அந்தச் செடிய காட்டுங்கன்னு கேட்டிருக்காங்க. அந்த மூணு பேரைக் கூட்டிக்கிட்டு போகப்போறேன்.

உங்க போட்டோகிராபரையும் வேணும்னா அனுப்புங்க. ஆகஸ்ட் மாசம், மழை விட்டு வெயில் அடிக்கற நாளா பாத்து பதினோரு மணிக்கு மேல. மப்பா இருந்தா பூ தெறக்காது, ஆனா எலை இருக்கும், பூச்சி மாட்டியிருந்தா அதையும் எடுக்கலாம். நின்னுக்கிட்டு எடுக்க முடியாதுங்க, ஈரப்புல்லுல குப்புறப் படுத்துத்தான் எடுக்கணும், நல்ல சட்டை போட்டுக்கிட்டு வர வேண்டாம்னு சொல்லிடுங்க.

இப்படிக்கு,
ரிட்டையர்டு லைன்மேன் ஒருத்தன்,
குந்தா தாலுகா, நீலகிரி.